நீராவி சிலிக்கா ஜெல்லில் ஒட்டும்போது: மூன்று குறிகளையும் எதிர்வுகூறுவதற்கான முழுமையான வழிகாட்டி

"சிலிக்கா ஜெல் அறை வெப்பநிலையில் காற்றிலுள்ள நீராவியைப் புறத்துறிஞ்சுகிறது. இச்செயன்முறையின் வெப்பவுள்ளுறை மாற்றம், எந்திரப்பி மாற்றம், கிப்ஸ் சக்தி மாற்றம் ஆகியவற்றின் குறிகளை எதிர்வுகூறிக் காரணம் தருக." சிலிக்கா ஜெல் என்பது ஈரத்தை எடுப்பதற்காகப் பொதிகளில் இடப்படும் நுண்டுளை மணி. வெப்பவுள்ளுறை மாற்றம் மாறா அமுக்கத்தில் தொகுதி பெறும் அல்லது இழக்கும் வெப்பத்தையும், எந்திரப்பி துகள்கள் அமையக்கூடிய வழிகள் எவ்வளவு என்பதையும், கிப்ஸ் சக்தி மாற்றம் செயன்முறை தானாக நிகழுமா என்பதையும் காட்டுகின்றன. குறி என்பது மாற்றம் நேரா (+) மறையா (−) என்பது. உயர்தர இரசாயனவியல் மாணவர் ஒருவர் இந்த வகை வினாவை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். ஆயினும் வன்னியில் நான் கற்பித்த வகுப்புகளில், கிளிநொச்சியிலும் சரி புதுக்குடியிருப்பிலும் சரி, பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு குறிகளைச் சரியாக எழுதிவிட்டு மூன்றாவதில் தடுமாறுவதையோ, மூன்றையும் சரியாக எழுதிவிட்டுக் காரணத்தில் புள்ளி இழப்பதையோ ஆண்டுதோறும் காண்கிறேன். எந்தக் குறியை முதலில் காண்பது என்ற வரிசையைக் கவனியாமல் தொடங்குவதே இதற்குக் காரணம். ஆகவே இவ்வழிகாட்டி அந்த வரிசையையே பின்பற்றிச் செல்கிறது.

1. தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவது, ஒரேயொரு தொடர்பு:

கிப்ஸ் சக்தி மாற்றம் = வெப்பவுள்ளுறை மாற்றம் − (தனிவெப்பநிலை × எந்திரப்பி மாற்றம்)

தனிவெப்பநிலை கெல்வினில் இருப்பதால் அது எப்போதும் நேர்ப் பெறுமானம் உடையது. இச்சிறு உண்மை ஐந்தாவது படியில் முழுப் பாரத்தையும் தாங்கப் போகிறது.

இரண்டாவது, புறத்துறிஞ்சலுக்கும் அகத்துறிஞ்சலுக்கும் உள்ள வேறுபாடு. புறத்துறிஞ்சலில் நீர் மூலக்கூறுகள் திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கின்றன. அகத்துறிஞ்சலில் அவை பொருளின் உள்ளே புகுந்து பரவுகின்றன. சிலிக்கா ஜெல் மணி நீரைக் குடித்துவிடுவதுபோல் தோன்றுவதால் பலர் இதனை அகத்துறிஞ்சல் என எழுதிவிடுகின்றனர். உண்மையில் அந்த மணி முழுவதும் நுண்டுளைகளால் ஆனது. ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 600 முதல் 800 சதுர மீற்றர் வரை இருக்கும். அதாவது ஆறு கிராம் மணிகளின் உட்பரப்பை விரித்தால் அது ஏறத்தாழ ஓர் ஏக்கர் வயலை மூடிவிடும். நீர் ஒட்டுவது அந்தப் பரப்பில்தான்.

மூன்றாவது, நீரின் சில பெறுமானங்கள். 25 பாகை செல்சியஸில் நீராவியின் நியம எந்திரப்பி மூலுக்கு 188.8 யூல்/கெல்வின்; திரவ நீரினது 69.9. அதே வெப்பநிலையில் ஒரு மூல் நீராவி ஒடுங்கித் திரவமாகும்போது 44 கிலோயூல் வெளிவிடப்படுகிறது. குறிகளை எதிர்வுகூற இவ்விலக்கங்கள் தேவையில்லை; எதிர்வுகூறியதைச் சரிபார்க்கத் தேவை.

2. தொகுதியை வரையறுத்து, நிலைகளுடன் சமன்பாட்டை எழுதுதல்

இப்படியைத் தாண்டிச் செல்பவர்களே பின்னர் மிகக் கூடுதலாகத் தடுமாறுகின்றனர். பின்வருமாறு எழுதிக்கொள்ளுங்கள்:

நீர் (வாயு) + சிலிக்கா ஜெல் (திண்மம்) → நீர் (சிலிக்கா ஜெல்லில் புறத்துறிஞ்சப்பட்டது)

இடப்பக்கத்தில் நீர் வாயு நிலையில் இருக்கிறது என்பதை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். காற்றிலுள்ள ஈரப்பதன் என்றதும் பனித்துளியையும் ஈரத் துணியையும் மனத்தில் கொண்டு, நீர் தொடக்கத்திலேயே திரவமாக இருப்பதாக எண்ணிவிடும் மாணவர் எந்திரப்பியைப் பற்றித் தீர்மானிக்க முடியாமல் நின்றுவிடுவார்.

தொகுதி என்பது நீர் மூலக்கூறுகளும் சிலிக்கா ஜெல்லும் சேர்ந்தது. அதனைச் சுற்றியுள்ள காற்று, போத்தல், வெப்பமானி, உங்கள் கை ஆகிய அனைத்தும் சுற்றாடல். மூன்று குறிகளும் தொகுதிக்கு உரியவை. இதனை விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கும்படி நான் எப்போதும் சொல்வதுண்டு.

இன்னொன்றையும் இவ்விடத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். செயன்முறையின்போது மணிகள் சூடாகலாம். ஆனால் நாம் ஒப்பிடுவது ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் உள்ள தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் ஆகும். இடையில் தோன்றிய சூடு சுற்றாடலுக்குச் சென்று முடிந்த பின்னரே கணக்கு மூடப்படுகிறது.

3. முதலில் கிப்ஸ் சக்தியின் குறி

மூன்றில் இதனை முதலில் எடுப்பதற்குக் காரணம், இதற்கு மூலக்கூறுகளைப் பற்றிய எந்த ஊகமும் தேவைப்படாமையே. செயன்முறை வெளியுதவியின்றித் தானாக நிகழ்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும்.

சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிறு பொதியை எவரும் இயக்குவதில்லை. கார்த்திகை மாதத்து அடைமழையில் ஆய்வுகூட அலுமாரிக்குள் வைத்த நீலமணிகள் (ஈரம் பட்டால் நிறம் மாறும் நிறங்காட்டி சேர்த்த சிலிக்கா ஜெல்), எவரும் தொடாமலே ஒரு கிழமைக்குள் இளஞ்சிவப்பாகிவிடுகின்றன. மாறா வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் தானாக நிகழும் செயன்முறைக்குக் கிப்ஸ் சக்தி மாற்றம் மறையாகும். ஆகவே முதலாவது குறி மறை.

இங்கே காணப்படும் பிழை, தானாக நிகழ்வது என்பதை விரைவாக நிகழ்வது என்று பொருள்கொள்வதாகும். மணிகள் நிறம் மாற நாட்கள் எடுத்தாலும் குறி மறைதான். வேகத்தைப் பற்றிக் கிப்ஸ் சக்தி எதுவும் கூறுவதில்லை.

மற்றொரு பிழை நுண்ணியது. ஏற்கெனவே அந்தக் காற்றின் ஈரத்துக்கு நிரம்பி நிற்கும் மணிகளுக்கு இக்குறி பொருந்தாது. அவை காற்றிலுள்ள நீராவியுடன் சமநிலையில் இருப்பதால் அங்கு கிப்ஸ் சக்தி மாற்றம் பூச்சியமாகும். வினாவில் "உலர்ந்த" என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது இதனாலேயே அவசியமாகிறது.

4. இரண்டாவது எந்திரப்பியின் குறி

வாயு நிலையில் உள்ள நீர் மூலக்கூறு அறை முழுவதும் ஓடித் திரியக்கூடியது. மேற்பரப்பில் ஒட்டியதும் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. சுழற்சியும் பெருமளவு கட்டுப்படுகிறது. மூலக்கூறுகள் அமையக்கூடிய வழிகளின் எண்ணிக்கை குறைவதால் தொகுதியின் எந்திரப்பி குறைகிறது. ஆகவே இரண்டாவது குறியும் மறை.

சிலிக்கா ஜெல்லின் எந்திரப்பி மாறாதா என்று கூர்மையான பிள்ளைகள் கேட்பார்கள். திண்மத்தின் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. அதில் ஏற்படும் சிறு மாற்றம், ஒரு வாயு தன் சுதந்திரத்தை இழப்பதனால் ஏற்படும் பெரிய வீழ்ச்சிக்கு முன் கணக்கில் எடுக்கத் தேவையற்றது. காரணத்தை எழுதும்போது வாயு மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது என்று தொடங்கினால் இந்த ஐயத்துக்கே இடமிராது.

இந்த இடத்தில் ஒரு முறை வகுப்பில் நிகழ்ந்ததைக் கூற வேண்டும். முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "சேர், எந்திரப்பி எப்பவும் கூடத்தானே வேணும்? குறைஞ்சால் இரண்டாம் விதி பிழைச்சுப் போகாதே?" என்று கேட்டாள். கேள்வி மிகச் சரியானது. இரண்டாம் விதி கேட்பது அகிலத்தின் எந்திரப்பி, அதாவது தொகுதியும் சுற்றாடலும் சேர்ந்த மொத்தம், கூட வேண்டும் என்பதையே. தொகுதியில் குறைந்ததைவிடக் கூடுதலான அளவு சுற்றாடலில் கூடியிருந்தால் விதி மீறப்படுவதில்லை. சுற்றாடலில் எந்திரப்பி கூடுவதற்கு அதற்கு வெப்பம் சென்றிருக்க வேண்டும். அந்த மாணவி அடுத்த படிக்கான விடையைத் தன் கேள்விக்குள்ளேயே வைத்திருந்தாள்.

5. வெப்பவுள்ளுறையின் குறி: ஊகிக்காமல் பெறுதல்

தொடர்பை மாற்றி எழுதுங்கள்:

வெப்பவுள்ளுறை மாற்றம் = கிப்ஸ் சக்தி மாற்றம் + (தனிவெப்பநிலை × எந்திரப்பி மாற்றம்)

வலப்பக்கத்தில் முதலாவது உறுப்பு மறை (படி 3). இரண்டாவது உறுப்பு, நேர்ப் பெறுமானத்தை மறைப் பெறுமானத்தால் பெருக்கியது, ஆதலால் அதுவும் மறை (படி 4). இரு மறைப் பெறுமானங்களைக் கூட்டினால் மறையே வரும். ஆகவே மூன்றாவது குறி மறை. புறத்துறிஞ்சல் புறவெப்பச் செயன்முறை.

வரிசை ஏன் முக்கியம் என்பது இங்கேதான் வெளிப்படுகிறது. கிப்ஸ் சக்தியும் வெப்பவுள்ளுறையும் மறை என்று முதலில் கண்டுகொண்ட ஒருவர், அவ்விரண்டிலிருந்து எந்திரப்பியின் குறியைப் பெறவே முடியாது. அது மறையாகவும் இருக்கலாம், நேராகவும் இருக்கலாம். கிப்ஸ் சக்தியையும் எந்திரப்பியையும் முதலில் கண்டவருக்கோ மூன்றாவது குறி தப்ப வழியின்றிக் கிடைத்துவிடுகிறது.

இவ்வழி எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். எந்திரப்பி மாற்றம் மறையாக இருக்கும்போது மட்டுமே இது தீர்மானமான விடை தரும். வயலுக்குத் தெளிப்பதற்காக யூரியாவை வாளித் தண்ணீரில் கரைத்தவர்கள், வாளியின் பக்கம் குளிர்ந்து வெளியே வியர்ப்பதைக் கண்டிருப்பார்கள். அங்கே கரைதல் தானாக நிகழ்கிறது, எந்திரப்பி கூடுகிறது, வெப்பவுள்ளுறை மாற்றமோ நேர். முதல் இரண்டு குறிகளை மட்டும் கொண்டு அந்த நேர்க்குறியை எவராலும் எதிர்வுகூறியிருக்க முடியாது. வாளியைத் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டும்.

6. பிணைப்புகளைக் கொண்டு சரிபார்த்தல்

ஐந்தாம் படியில் பெற்ற குறியை வேறொரு வழியாலும் நிறுவினால் காரணத்துக்கான புள்ளி உறுதியாகும். சிலிக்கா ஜெல்லின் மேற்பரப்பில் சிலிக்கன் அணுக்களுடன் இணைந்த ஐதரொட்சில் கூட்டங்கள் செறிந்திருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் இவற்றுடன் ஐதரசன் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. வாயு நிலையில் மூலக்கூறுகளுக்கிடையே உடைக்க வேண்டிய கவர்ச்சி அநேகமாக இல்லை. ஒட்டும்போது புதிய கவர்ச்சி உண்டாகிறது. பிணைப்பு உண்டாகும்போது சக்தி வெளிவிடப்படும்.

தடுமாற்றம் இங்கே ஓயாமல் வரும்: "சேர், தண்ணியை ஆவியாக்க வெப்பம் குடுக்க வேணும்தானே, அப்ப நேர்தானே?" வெப்பம் கொடுக்க வேண்டியது திரவத்திலிருந்து ஆவியாக்குவதற்கு. இங்கு நடப்பது அதன் எதிர்த்திசை. சமன்பாட்டின் அம்புக்குறியை விரலால் தொட்டுக்கொண்டு, வாயுவிலிருந்து எங்கே செல்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இக்குழப்பம் போய்விடும்.

மற்றைய தடுமாற்றம் குறியைப் பற்றியது. மணிகள் சூடாவதால் அவை வெப்பத்தைப் பெற்றுவிட்டன என்று கருதி, நேர்க்குறி இடுகின்றனர். சூடு வெளியிலிருந்து வரவில்லை. ஒட்டும் செயலிலிருந்து பிறந்து, மணிகளையும் வெப்பமானியையும் சூடாக்கி, பின் வெளியேறுகிறது. தொகுதி தன் தொடக்க வெப்பநிலைக்குத் திரும்பும்போது அதன் வெப்பவுள்ளுறை குறைந்திருக்கும்.

7. வெப்பமானியால் சரிபார்த்தல்

காகிதத்தில் நிறுவியதைக் கண்ணால் ஒரு முறை பார்த்த பிள்ளை பிறகு இக்குறியை மறப்பதில்லை. தேவையானவை: செம்மஞ்சள் நிறங்காட்டியுள்ள அல்லது நிறமற்ற சிலிக்கா ஜெல் 100 கிராம், இரண்டு ரெஜிபோம் (வெப்பத்தை அரிதாகக் கடத்தும் நுரைப் பிளாத்திக்கு) குவளைகள், இரண்டு வெப்பமானிகள், சைக்கிள் பம்ப் ஒன்று, அரைவாசிக்குத் தண்ணீர் விட்ட போத்தல் ஒன்று, இறப்பர்க் குழாய், இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் போத்தல். நீலநிற மணிகளில் உள்ள கோபாற்றுக் குளோரைட்டு நச்சுத்தன்மை உடையதாகையால் அவற்றைக் கையால் எடுப்பதையும் சமையற் பாத்திரத்தில் சூடாக்குவதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

முதலில் 50 கிராமைக் கனலடுப்பில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் உலர்த்துங்கள். அடுத்து வருவதே பெரும்பாலானோர் கெடுக்கும் இடம்: சூடான மணிகளைத் திறந்த தட்டில் ஆறவைக்கக் கூடாது. ஆறும் நேரத்தில் அவை காற்றிலுள்ள நீராவியை எடுத்துக்கொண்டு, நீங்கள் அளக்க நினைத்த வெப்பத்தை உங்களுக்குத் தெரியாமலே இழந்துவிடும். சூட்டோடு கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூடி, அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள்.

மற்றைய 50 கிராமை உலர்த்தாமல், ஈரத் துணியுடன் மூடிய பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்து நிரம்பச் செய்யுங்கள். இதுவே கட்டுப்பாடு. கட்டுப்பாடின்றிச் செய்தால், பம்ப் காற்றை நெருக்கும்போது உண்டாகும் சூட்டை மணிகளின் சூடென்று சொல்லிவிடும் வாய்ப்புண்டு. வாயால் ஊதிப் பார்ப்பவர்களுக்கு இப்பிழை நிச்சயம். மூச்சுக்காற்று உடல் வெப்பநிலையை அண்டியிருக்கும்.

இரு குவளைகளிலும் மணிகளை இட்டு, வெப்பமானியின் குமிழ் மணிகளுக்குள் புதையும்படி நிறுத்துங்கள். பம்பின் காற்றைத் தண்ணீர்ப் போத்தலின் ஊடாகக் குமிழிடச் செய்து, குழாயின் முனையைக் குவளையின் அடியில் வையுங்கள். முதலில் நிரம்பிய மணிகளுக்கும் பின்னர் உலர்ந்த மணிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள். உலர்ந்த மணிகளுக்குள் இருக்கும் இரசம் ஏறத் தொடங்குவதைக் காண்பீர்கள். நிரம்பிய மணிகளில் அது அநேகமாக அசையாது.

எவ்வளவு ஏறலாம் என்பதை முன்கூட்டியே கணித்துப் பார்ப்பது நல்லது. 30 பாகையில் ஈரத்தால் நிரம்பிய ஒரு கன மீற்றர்க் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி உண்டு. ஆகவே மூன்றரை லீற்றர்க் காற்றில் 0.1 கிராம். மூலுக்கு 52 கிலோயூல் என்று கொண்டால் (இப்பெறுமானத்தின் பொருத்தத்தை எட்டாம் படியில் பார்ப்போம்), 0.1 கிராம் நீர் ஒட்டும்போது ஏறத்தாழ 290 யூல் வெளிவிடப்படும். 50 கிராம் மணிகளை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 45 யூல் போதும். இழப்பு இல்லாவிடில் ஆறு பாகைக்கு மேல் ஏற வேண்டும். காற்று வெப்பத்தைத் தூக்கிச் செல்வதாலும் நீராவி முழுவதும் பிடிபடாததாலும் இரண்டு மூன்று பாகை கண்டாலே பரிசோதனை வெற்றி.

ஒரு சிறு கவனிப்பு: உலர்ந்த மணிகள் சிலவற்றை நேரே தண்ணீரில் போட்டால் அவை படபடவென வெடித்துப் பிளக்கும். பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் அதில் நீர் திரவ நிலையில் தொடங்குவதால் அது நமது சமன்பாடு அன்று. அந்தச் சூட்டை இந்த வினாவுக்குச் சான்றாக எழுத வேண்டாம்.

8. இலக்கமிட்டுச் சரிபார்த்தல்

கணக்குக்காக ஒரு மூல் நீருக்கு வெப்பவுள்ளுறை மாற்றம் −52 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் −130 யூல்/கெல்வின் எனக் கொள்வோம். இவை பொருத்தமான பெறுமானங்களா என்று முதலில் கேட்க வேண்டும். 52 என்பது ஒடுங்கலின் 44ஐ விடச் சற்றுக் கூட. மேற்பரப்பு நீரைத் திரவ நீரைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதற்கு இது ஒத்துப்போகிறது. 188.8இலிருந்து 130ஐக் கழித்தால் 58.8 வருகிறது, இது திரவ நீரின் 69.9க்கும் பனிக்கட்டியின் ஏறத்தாழ 41க்கும் இடையில் அமைகிறது. ஒட்டிய நீர் திரவத்தைவிடக் கட்டுண்டும் பனிக்கட்டியைவிட இளகியும் இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதும் இதுவே.

303 கெல்வினில், அதாவது 30 பாகையில், தனிவெப்பநிலையையும் எந்திரப்பி மாற்றத்தையும் பெருக்கினால் −39.4 கிலோயூல். எனவே நியமக் கிப்ஸ் சக்தி மாற்றம் −52 + 39.4 = −12.6 கிலோயூல்.

முன்வரிசை மாணவியின் கேள்விக்கும் இலக்கத்தால் விடை கூறலாம். சுற்றாடல் பெறும் 52,000 யூலை 303ஆல் வகுத்தால் +171.6 யூல்/கெல்வின். தொகுதியின் −130உடன் கூட்டினால் மொத்தம் +41.6. அகிலத்தின் எந்திரப்பி கூடியிருக்கிறது. 41.6ஐ 303ஆல் பெருக்கிப் பாருங்கள்: 12.6 கிலோயூல். கிப்ஸ் சக்தி மாற்றத்தின் மறைக்குறிக்குள் ஒளிந்திருப்பது இந்த நேர்ப் பெறுமானமே.

இக்கணக்கில் மிகக் கூடுதலான புள்ளிகளைத் தின்பது அலகு. யூலில் உள்ள எந்திரப்பியை 1000ஆல் வகுக்காமல் கிலோயூலுடன் கூட்டுவோர் −52 + 39,390 என்று எழுதி, பெரியதொரு நேர்ப் பெறுமானத்தைப் பெற்று, தாம் மூன்றாம் படியில் சரியாக எழுதிய குறியை வெட்டிவிடுகின்றனர். முதலில் எழுதிய குறியை நம்பி, கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

9. வெப்பநிலையும் ஈரப்பதனும் மாறும்போது

வினாவின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: பயன்படுத்திய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கினால் மீண்டும் உலர்வது ஏன்?

வெப்பநிலை உயரும்போது எந்திரப்பி உறுப்பின் பருமன் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அது வெப்பவுள்ளுறையை மிஞ்சிவிடுகிறது. மேலே எடுத்த பெறுமானங்களின்படி 52,000ஐ 130ஆல் வகுத்தால் 400 கெல்வின், அதாவது 127 பாகை செல்சியஸ். அதற்கு மேல் புறத்துறிஞ்சலின் கிப்ஸ் சக்தி மாற்றம் நேராகிறது. எனவே எதிர்ச் செயன்முறை தானாக நிகழ்கிறது.

இங்கே மாறுவது ஒரு குறி மட்டுமே. 127 பாகைக்கு மேல் மூன்று குறிகளையும் புரட்டி எழுதுவது மிகப் பரவலான பிழை. புறத்துறிஞ்சலின் வெப்பவுள்ளுறையும் எந்திரப்பியும் உயர்ந்த வெப்பநிலையிலும் மறையாகவே இருக்கின்றன. மூன்றும் புரள்வது, நீங்கள் சமன்பாட்டையே திருப்பி எழுதினால்தான்.

இனிச் சற்று ஆழமாகச் செல்வோம். 127 என்ற இலக்கம் நீராவியின் அமுக்கம் நியம அமுக்கமான 100 கிலோபஸ்கால் என்று கொண்டு வந்தது. நம்முடைய காற்றில் அவ்வளவு நீராவி இருப்பதில்லை. 30 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம் 4.25 கிலோபஸ்கால், மாரிகாலத்தில் சாரீரப்பதன் (நிரம்பலுக்குரிய நீராவியில் எத்தனை வீதம் காற்றில் உண்டு என்பது) 80% என்று கொண்டால் பகுதியமுக்கம் 3.4 கிலோபஸ்கால். இத்திருத்தத்துக்கு, வாயு மாறிலி, தனிவெப்பநிலை, அமுக்க விகிதத்தின் (100/3.4) இயற்கை மடக்கை ஆகிய மூன்றின் பெருக்கத்தைக் கூட்ட வேண்டும்: 8.314 × 303 × 3.38 = 8.5 கிலோயூல். ஆகவே −12.6 என்பது −4.1 ஆகிறது. குறி மாறவில்லை, உந்துதல் குறைந்துவிட்டது.

சோளகம் வீசும் ஆனி, ஆடியில் வன்னியின் நண்பகற் காற்று காய்ந்து கிடக்கும். ஓர் எல்லைக்காகச் சாரீரப்பதன் 20% என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கு −0.6 கிலோயூலைத் தருகிறது, அநேகமாகச் சமநிலை. ஒரே மணிகள் மாரியில் நிறைய நீரையும் கோடையில் சிறிதளவு நீரையும் பிடித்திருப்பதற்கு விளக்கம் இதுவே. உண்மையான சிலிக்கா ஜெல்லில் முதலில் ஒட்டும் மூலக்கூறுகள் இறுக்கமாகவும் பிந்தியவை தளர்வாகவும் ஒட்டுவதால் வெப்பவுள்ளுறை ஒரே பெறுமானத்தில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இதே திருத்தத்தைச் சூடாக்கலுக்கும் இட்டுப் பாருங்கள். நீராவியின் பகுதியமுக்கம் 3.4 கிலோபஸ்கால் ஆக இருக்கும்போது 8.314 × 3.38 = 28 கழிவதால் எந்திரப்பி மாற்றம் −130இலிருந்து −158 ஆகிறது. 52,000ஐ 158ஆல் வகுத்தால் 329 கெல்வின், அதாவது 56 பாகையிலேயே நீர் விடுபடத் தொடங்கலாம். பிறகு ஏன் 120 பாகையில் உலர்த்துகிறோம்? இறுக்கமாக ஒட்டிய கடைசி நீரும் போக வேண்டும், வேகமும் வேண்டும், விடுபட்ட நீராவி கனலடுப்புக்குள் சேர்ந்து அமுக்கத்தைக் கூட்டினால் எல்லை மீண்டும் 127ஐ நோக்கி உயர்ந்துவிடும். ஆதலால் கனலடுப்பின் காற்றுத்துளையைத் திறந்து வைப்பது அவசியம். ஆய்வுகூடத்தில் துளையை மூடி வைத்து, முழு நாளும் சூடாக்கி, மணிகள் ஏன் உலரவில்லை என்று நானே ஒருமுறை குழம்பியிருக்கிறேன்.

10. ஒன்றுபோல் தோன்றும் வேறு இரண்டு

சுட்ட சுண்ணாம்பும் ஒரு நல்ல உலர்த்தும் கருவிதான். ஆனால் அங்கு நிகழ்வது இரசாயனத் தாக்கம். கல்சியம் ஒட்சைட்டு நீராவியுடன் சேர்ந்து கல்சியம் ஐதரொட்சைட்டாகிறது. மூன்று குறிகளும் மறையே. பருமன்தான் வேறு: ஒரு மூல் நீராவிக்கு ஏறத்தாழ 109 கிலோயூல் வெளிவிடப்படுகிறது. சுண்ணாம்பு நீற்றும்போது பானை கொதிப்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இதனாலேயே அதனை மீள உலர்த்த 500 பாகையை அண்டிய வெப்பநிலை தேவைப்படுகிறது. 120 பாகைக் கனலடுப்பு அதற்குப் போதாது.

ஆனையிறவு உப்பு மாரியில் கசிவது வேறொன்று. தூய சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75% ஐத் தாண்டும்போதுதான் நீராவியை எடுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டோ ஏறத்தாழ 33% இலேயே கசியத் தொடங்கிவிடும். நீர் வாயு நிலையிலிருந்து கரைசலுக்குச் செல்வதால் குறிகள் இங்கும் மறையே. ஆயினும் இது புறத்துறிஞ்சல் அன்று, கரைசல் உண்டாதல். உப்புப் போத்தலுக்குள் வீட்டில் போட்டு வைக்கும் வறுத்த அரிசி உப்பை முந்திக்கொண்டு ஈரத்தை வாங்குகிறது.

11. விடைத்தாளில் எழுதும் ஒழுங்கு

கண்ட வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகவே இருக்கட்டும். கீழே உள்ளது முழுப் புள்ளியும் பெறக்கூடிய அளவு நீளமான விடை. இதைவிட நீட்ட வேண்டியதில்லை.

"உலர்ந்த சிலிக்கா ஜெல் நீராவியைத் தானாகப் புறத்துறிஞ்சுவதால், மாறா வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் கிப்ஸ் சக்தி மாற்றம் மறையாகும். வாயு நிலையிலிருந்த நீர் மூலக்கூறுகள் திண்ம மேற்பரப்பில் கட்டுண்டு இயக்கச் சுதந்திரத்தை இழப்பதால், தொகுதியின் எந்திரப்பி மாற்றம் மறையாகும். வெப்பவுள்ளுறை மாற்றமானது கிப்ஸ் சக்தி மாற்றத்தினதும், தனிவெப்பநிலை, எந்திரப்பி மாற்றம் ஆகியவற்றின் பெருக்கத்தினதும் கூட்டுத்தொகை. இரண்டும் மறையாதலால் அதுவும் மறையாகும். மேற்பரப்பு ஐதரொட்சில் கூட்டங்களுடன் ஐதரசன் பிணைப்புகள் உண்டாவதும் இதற்கு இசைகிறது."

இதில் "தொகுதியின்" என்ற சொல்லை விட்டுவிட்டு, எந்திரப்பி குறைகிறது என்று மட்டும் எழுதும் பழக்கம் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் உண்டு. எழுதி முடித்ததும் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.